சோகத்தில் தேடிய பாட்டு

பேத்தியின் புது நன்மை விசேஷத்துக்காக நான் பெங்களூர் போனேன் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பொய் இல்லை. ஆனால் முக்கியமாகப் போனது ஒரு பாட்டைத் தேடி. அந்த விஷயம் எனக்குத் தெரியும், எங்கள் நிலத்துக் குருவிகளுக்குத் தெரியும்.

குருவிக்கு எப்படித் தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். செங்கம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். பங்குனியில் கேழ்வரகு முற்றி நிற்கும்போது குருவிகள் கூட்டமாக வந்து இறங்கும். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. கெட்டுப்போன பாட்டுக் கேசட்டில் இருக்கிற ரிப்பனை உருவி, வயலுக்குக் குறுக்கே கட்டிவிடுவோம். வெயிலில் மின்னும். காற்றடித்தால் ர்ர்ர் என்று துடிக்கும். குருவி கிட்டே வராது.

அலமாரியில் உறை இல்லாமல் ஒரு கேசட் கிடந்தது. மேலே என்னவோ எழுதியிருந்தது. எழுதியிருந்தால் எனக்கென்ன, எழுதாவிட்டால் எனக்கென்ன? பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்காதவள் நான். இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு டீச்சர்தான் எழுதுகிறாள். கேசட்டை எடுத்தேன், உருவினேன், நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டினேன். வயலே தேர் மாதிரி இருந்தது.

அது என் வீட்டுக்காரரின் கேசட்.

அவர் தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் படுத்து டேப் போடுவார். கேசட் முழுக்க ஒரே பாட்டுத்தான். அது முடிந்தால் மறுபடி அதுவே வரும். கேட்கும்போது முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்வார். துண்டை எடுத்தால் கண் சிவந்திருக்கும். ஒன்பது வருஷமாக இப்படி. பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிற எனக்கு வார்த்தை காதில் விழாது, மெட்டு மட்டும் விழும். மெதுவாக, இழுத்து இழுத்து, மாட்டு வண்டி மேடு ஏறுகிற மாதிரி ஒரு மெட்டு.

ஒன்பது வருஷம் என்று ஏன் கணக்காகச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஒரே பெண் சாந்தி கல்யாணம் செய்துகொண்டு ஒன்பது வருஷம் ஆகிறது. பெங்களூரில் துணி தைக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே விக்டர் என்ற பையனைக் கட்டிக்கொண்டாள். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. இவர் போகாததால் நானும் போகவில்லை. பேத்தி பிறந்தபோது மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ஓடி வந்தேன். இவர் சாந்தி பேரைக்கூட வாயில் எடுப்பதில்லை. மத்தியானம் துண்டுக்குள்ளே நினைத்துக்கொள்கிறார் என்பது எனக்குத் தெரியாதா?

ரிப்பனைக் கட்டிய அன்று கேசட்டைத் தேடிப் பார்த்துவிட்டு வயலுக்கு வந்தார். மின்னிக்கொண்டிருந்த ரிப்பனை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். வானம் இடிந்து விழப்போகிறது என்று நின்றேன்.

"பரவால்ல, வுடு," என்றார்.

உப்பு ஒரு கல் கூடினால் தெருவைக் கூட்டுகிற மனுஷன்! அன்று நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பேன். "இன்னா பாட்டுங்க அது? செங்கத்துல பதிஞ்சு வாங்கியாறேன்" என்று கேட்டேன். "ஏதோ ஒரு பாட்டு. அதுக்கு இன்னா இப்போ" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு மாதம் டேப் மேல் தூசிதான் உட்கார்ந்தது. மத்தியான நேரத்தில் வீடு அப்படி ஒரு அமைதியாக இருக்கும். எனக்குப் பாத்திரமே தேய்க்கப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் சாந்தியிடமிருந்து கடுதாசி வந்தது, டீச்சர் படித்துச் சொன்னாள். பேத்தி ஜெனிக்கு ஞாயிற்றுக்கிழமை புது நன்மை. வேதக்காரர்கள் குழந்தைக்கு முதல்முதலாகக் கோயிலில் அப்பம் கொடுக்கிற விசேஷமாம். "போறதுன்னா போ" என்றார் இவர். ஒன்பது வருஷத்தில் அந்த வார்த்தையே பெரிசு. உடனே கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு காலேஜ் பெண், முன்னால் பேண்ட் போட்ட ஒருத்தர். செங்கத்திலிருந்து ஓசூர் வரைக்கும் ஒவ்வொரு போர்டாக இரண்டு பேரும் படித்துக்கொண்டே வந்தார்கள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அத்திபெலே வந்தது. போர்டில் எழுத்தெல்லாம் கன்னடமாக மாறிப்போனது. பேண்ட்காரர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிக் கேட்டார், "பாட்டி, இது எந்த ஊரு?" எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தப் பக்கம் வந்தால் எல்லோரும் என்னை மாதிரிதான்! "அத்திபெலேப்பா. எறங்கி டீ குடிக்கறவங்க குடிக்கலாம்" என்றேன். டீக்கடைக்காரர் தமிழில் கத்திக்கொண்டிருந்ததை நான்தான் கேட்டேனே.

சாந்தி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். கூந்தலைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம். அழுது முடித்ததும் அவள் என் தோளுக்குப் பின்னால் ஒரு தரம் பார்த்தாள். யாரும் வரவில்லை என்று தெரிந்தும் பார்த்தாள்.

காக்ஸ் டவுனில் அவர்கள் வீடு. ஓட்டு வீடுதான், ஆனால் முன்னால் வளைவு வைத்து, பூந்தொட்டி வைத்து, துரைமார் வீடு மாதிரி இருந்தது. என் சம்பந்தி பிலோமினா அம்மா வாசலில் நின்றிருந்தார். கவுன் போட்டிருந்தார்! அறுபது வயசில் கவுன். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு வாங்கியவர், கோயிலில் ஆர்கன் பெட்டி வாசிப்பவர். நான் பயந்துபோய்க் கும்பிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "வாங்க சம்பந்தி, ஒன்பது வருஷமா உங்களோட சண்ட போடணும்னு வெயிட் பண்றேன்" என்றார். அந்த நிமிஷமே எங்களுக்குச் சிநேகம் ஆகிவிட்டது.

சித்திரை மாதம். எங்கள் ஊரில் கோழிகூட நிழலை விட்டு நகராது. இங்கே என்னடாவென்றால் சாயங்காலம் மழை பெய்கிறது, ராத்திரி போர்வை கேட்கிறது. குழாயில் வருகிற தண்ணீர் ஐஸ். சித்திரையில் சுடுதண்ணீர் போட்டுக் குளித்தேன் என்று ஊரில் சொன்னால் டீச்சரைத் தவிர ஒருத்தரும் நம்பவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. சாந்தியும் விக்டரும் வேலைக்குப் போனதும் சம்பந்தியிடம் விஷயத்தை மெல்ல அவிழ்த்தேன். பாட்டு எனக்கு வேண்டும் என்றுதான் சொன்னேன். இவர் துண்டுக்குள் அழுகிறதைப் பெண் வீட்டில் சொன்னால் மனுஷன் என்னை வீட்டுக்குள் சேர்ப்பாரா?

"படம் பேரு?"

"தெரியாது."

"மொத லைன்?"

"தெரியாது."

"பாடினது ஆம்பளையா பொம்பளையா?"

"ரெண்டும் மாதிரி கேக்கும்."

சம்பந்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நீங்க என் கிளாஸ்ல படிச்சிருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன். வாங்க, பாஷா பாய்கிட்ட போவோம்" என்றார்.

பாஷா பாய் கடை மார்க்கெட் பக்கம். சின்னக் கடை, தரையிலிருந்து கூரை வரைக்கும் கேசட். பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து கொடுப்பார். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சம்பந்தி படித்துச் சொன்னார்: காதல், சோகம், தத்துவம், பக்தி, பிக்னிக்.

"லிஸ்ட் குடுங்கோ மா," என்றார் பாய்.

"லிஸ்ட் இல்ல பாய். பாடிக் காட்டுவேன்."

"அரே! பாடுங்கோ. நம்ம கடையில இது புச்சு."

நான் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். வார்த்தை இல்லாமல், மெட்டு மட்டும், இவர் டேப்பில் எப்படிக் கேட்டேனோ அப்படியே. பாடி முடித்துக் கண்ணைத் திறந்தால் கடை வாசலில் பூக்காரி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் கன்னடத்தில் பாயிடம் ஏதோ கேட்டாள். பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்ன கேட்டாள் என்றால், "ஐயோ பாவம், அந்தம்மா வீட்டுல யாரு செத்துட்டாங்க?"

"சோகப் பாட்டுதான், சந்தேகமே இல்ல," என்றார் பாய். சோகத் தட்டைத் திறந்தார்.

அன்று மூன்று மணி நேரம் நாங்கள் சோகத்தில் உட்கார்ந்திருந்தோம். காதலி போய்விட்ட பாட்டு, அம்மா செத்துப்போன பாட்டு, குடித்துவிட்டுப் பாடுகிற பாட்டு, இருமிக்கொண்டே பாடுகிற பாட்டு. பூக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் எங்கள் எல்லோருக்கும் முன்னால் அழுதவள் அவள்தான். தபால்காரர் ஒருத்தர் வந்தார், ஒரு பாட்டு கேட்டார், மூக்கைச் சிந்தினார், போய்விட்டார். ஒன்றும் என் பாட்டு இல்லை.

கேட்கக் கேட்க எனக்கு ஒன்று புரிந்தது. நிஜமான சோகப் பாட்டில் பிடில் முதலிலேயே அழுது காட்டிவிடுகிறது. இது அழுகிற இடம், எல்லோரும் துண்டை எடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் பாடவே ஆரம்பிக்கிறார்கள். என் பாட்டு அப்படி இல்லை. அதில் அழுகை இருக்கிறது, ஆனால் முந்தானையில் முடிந்து வைத்த மாதிரி எங்கேயோ உள்ளே இருக்கிறது. பாயிடம் இதைச் சொன்னேன். "முந்தானைக்குத் தனித் தட்டு வைக்கலியே மா," என்றார்.

வெள்ளிக்கிழமையும் போனோம். சம்பந்தி முதலில் ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். சாம்பாரை வாயில் வைத்தேன். வெல்லம் போட்டிருக்கிறார்கள்! சமையல்காரன் பாயசத்தையும் சாம்பாரையும் மாற்றி ஊற்றிவிட்டான் என்று நினைத்துச் சப்ளையரைக் கூப்பிட்டேன். சம்பந்தி என் கையை அமுக்கி, "இங்க இப்படித்தான், சும்மா சாப்பிடுங்க" என்றார். மூன்றாவது இட்லிக்கு அது எனக்குப் பிடித்துவிட்டது. அப்புறம் காபி. "பை டூ" என்று சொன்னார் சம்பந்தி. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றிக் கொண்டுவந்து வைத்தான். இந்த ஊரில் இது மரியாதையாம். எங்கள் ஊரில் சம்பந்திக்குப் பாதிக் காபி கொடுத்தால் பஞ்சாயத்து கூடிவிடும்.

பாய் வீட்டிலிருந்து இன்னும் இரண்டு பெட்டி கொண்டுவந்திருந்தார். எல்லாம் சோகம். மத்தியானத்துக்குள் பாய்க்கே முகம் வாடிப்போனது. "மா, ராத்திரி என் பீபி கேக்கறா, கடையில இன்னா ஆச்சு, ஏன் இப்படி உக்காந்துருக்கீங்கன்னு. நாளைக்கும் சோகம்னா நான் கடைய மூடிடுவேன்," என்றார். எனக்குப் பயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விசேஷம், திங்கட்கிழமை பஸ். வெறுங்கையோடு போய் அந்தக் கட்டில் பக்கத்தில் எப்படி நிற்பேன்?

சனிக்கிழமை சாந்திக்கு லீவு. ஜெனிக்கு மெழுகுவர்த்தியும் வெள்ளைக் கையுறையும் வாங்கச் சிவாஜி நகர் போகவேண்டும் என்று என்னை மொபெட்டில் ஏற்றினாள். நான் அதுவரைக்கும் மாட்டு வண்டி, பஸ் தவிர எதிலும் ஏறியதில்லை. ரோட்டை முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கேட்டால் கேபிள் என்கிறார்கள். எங்கள் ஊரில் கிணறு வெட்டினால்கூட இவ்வளவு மண் வராது. சாந்தி பயமே இல்லாமல் பள்ளத்தில் இறக்கி மேட்டில் ஏற்றினாள். அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பயம் வந்தால் வாய் சும்மா இருக்காது, ஏதாவது முனகும். அந்தப் பாட்டை முனகினேன்.

மொபெட் குலுக்குகிற குலுக்கலில் பாட்டு இழுபடுமா? தடக் தடக் என்று துண்டு துண்டாக, ஓட்டமாக வந்தது. ஒரு பள்ளத்தில் ஒரு வரி, அடுத்த பள்ளத்தில் அடுத்த வரி.

சாந்தி நடுரோட்டில் பிரேக்கைப் பிடித்தாள்.

"எம்மா. திரும்பப் பாடு."

"இன்னாடி, பின்னால ஆட்டோ வருது!"

"பாடும்மா!"

பாடினேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் கன்னடத்தில் கத்தினார். சாந்தி அப்புறம் சொன்னாள், "பாட்டிக்குக் கச்சேரி வைக்க ரோடுதான் கெடச்சுதா?" என்றாராம். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. நான் விட்ட இடத்திலிருந்து வார்த்தையோடு பாட ஆரம்பித்துவிட்டாள். சிரிப்பும் துள்ளலுமாக ஒரு பாட்டு! ஆணும் பெண்ணும் ஊர் சுற்றப் போகிறார்கள், மலை வருகிறது, ஆறு வருகிறது, காற்றோடு பேசிக்கொண்டு போகிறார்கள்.

"இது எங்க சைக்கிள் பாட்டும்மா," என்றாள். "அப்பா என்னை செங்கம் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவாரே, முன்னாடி கம்பியில துண்டை மடிச்சுப் போட்டு உக்கார வச்சு. ஏரிக்கரை மேடு வந்தா மூச்சு வாங்கும்ல, அப்போ நான் ஒரு வரி, அவரு ஒரு வரி. நீ அந்நேரத்துக்கு வயலுக்குப் போயிருப்பே. உனக்கு எப்படித் தெரியும்?"

என்ன சொல்வேன்? பொய் எனக்கு அவசரத்துக்கு வராது. கேசட், கட்டில், துண்டு, குருவி எல்லாவற்றையும் நடுரோட்டிலேயே கொட்டிவிட்டேன்.

"தெனமுமா?" என்று கேட்டாள்.

"தெனமும். ஒன்பது வருஷமா."

அவள் மொபெட்டை உதைத்தாள். அது கிளம்பவில்லை. பெட்ரோல் தீர்ந்திருந்தது. இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே பாஷா பாய் கடைக்குப் போனோம். வழி முழுக்க அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். புழுதி என்றாள்.

சாந்தி ஒரு வரிதான் பாடியிருப்பாள். பாஷா பாய் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு நாளா என்னை சோகத்துல தேட வச்சீங்களே மா! இது பிக்னிக்!" பிக்னிக் தட்டில் கண்ணுக்கு நேராக இருந்தது. எடுத்துப் போட்டார். பூக்காரி ஓடி வந்து, அழுவதற்குத் தயாராக உட்கார்ந்தாள். துள்ளல் பாட்டைக் கேட்டதும் அவளுக்கு ஏமாற்றமாகிவிட்டது.

"உங்க ஊட்டு டேப்பு கரண்ட்டா, பேட்டரியா?" என்று கேட்டார் பாய்.

"மத்தியானத்துல எங்க கரண்ட் இருக்குது? பேட்டரிக் கட்டைதான். தீந்துபோனா அவரு வெயில்ல காய வச்சு மறுபடி போடுவாரு."

பாய் சிரித்த சிரிப்பில் இரண்டு கேசட் கீழே விழுந்தது. கட்டை தீர்ந்தால் டேப் மெதுவாக ஓடுமாம். மெதுவாக ஓடினால் கல்யாணப் பாட்டும் ஒப்பாரி ஆகிவிடுமாம். ஒன்பது வருஷமாகச் சிக்கனக்காரப் புருஷனின் செத்த கட்டையைத்தான் நான் சோகம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

எனக்கு ஒருபக்கம் சிரிப்பு, ஒருபக்கம் ரோஷம். "இருங்க பாய், இன்னொரு வாட்டி போடுங்க" என்றேன். போட்டார். துள்ளிக்கொண்டு போனது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் வந்தது. அந்தப் பெண்குரல் திரும்பவும் பல்லவிக்கு வருகிற இடத்தில் ஒரே ஒரு இழை கீழே இறங்கி, பிறகு சிரித்துக்கொண்டு மேலே வந்தது. "இந்த எடம்! இந்த எடம்!" என்று கத்திவிட்டேன்.

பாய் சிரிப்பை நிறுத்தினார். ரிவைண்ட் செய்து மறுபடி போட்டார். சாந்தி டெலிபோன் செய்து அதற்குள் சம்பந்தியும் வந்துவிட்டிருந்தார். கடை மேஜையையே ஆர்கன் மாதிரி விரலால் தட்டிப் பார்த்தார். "சம்பந்தி சொல்றது கரெக்ட். ஆர்கன்ல வாசிச்சா முழுக்க சந்தோஷக் கட்டையிலதான் போகுது. அந்த ஒரு எடத்துல மட்டும் துக்கக் கட்டையத் தொட்டுட்டு வருது. தொட்டது தெரியக்கூடாதுன்னு உடனே ஓடியாந்துடுது," என்றார்.

"இருவது வருஷமா இத விக்கறேன், கவனிக்கல பாருங்கோ," என்றார் பாய். அந்தக் கேசட்டைப் பிக்னிக் தட்டில் வைக்கப்போனவர், கொஞ்சம் யோசித்துவிட்டு மேஜை மேலேயே வைத்தார்.

இப்போது பதிய வேண்டும். ஒரு பக்கத்துக்கு அதே பாட்டு ஆறு தரம். ஆறு போட்ட பிறகு கொஞ்சம் ரிப்பன் மிஞ்சும். பாய்க்கு அது ஆகாது. "காலி விட்டு நான் கேசட் குடுத்ததே இல்ல. மௌத் ஆர்கன் மியூசிக் போட்டு ரொப்பிடறேன்," என்றார். சாந்தி அவருடைய மேஜை மேல் இருந்த மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற விளம்பரத்துக்கெல்லாம் அதில்தான் பேசிப் பதிவாராம்.

"பாய், ஒரு பக்கத்துல மட்டும் அந்த மிச்ச எடத்த எனக்குக் குடுங்க," என்றாள்.

எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டாள். பாய் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு அவரும் வெளியே வந்து நின்றார். கண்ணாடிக் கதவு வழியாக அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. முதலில் சிரித்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் பொத்தான் தானாக மேலே எழும்பியது. அவள் அதைப் பார்க்காமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனி வெள்ளை கவுனும் தலையில் வெள்ளை முக்காடும் போட்டுக்கொண்டு எட்டு வயசுக் கல்யாணப் பெண் மாதிரி நடந்து போனாள். நான் கோயிலில் எல்லோரும் உட்காரும்போது எழுந்தேன், எழும்போது உட்கார்ந்தேன். அதைத் தவிர ஒரு தப்பும் செய்யவில்லை. சம்பந்தி மேலே மாடியில் ஆர்கன் வாசித்தார். எல்லாம் சாமி பாட்டு. ஆனால் கடைசியில் ஜனங்கள் வெளியே போகிறபோது வாசித்தாரே, அதில் ஒரு இடத்தில் ஒரு இழை கீழே இறங்கிப் பிறகு மேலே வந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்துச் சிரித்தார். வேறு யாருக்கும் தெரியாது. விருந்தில் பிரியாணி நன்றாக இருந்தது, ஆனால் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காயைக் காணோம்.

திங்கட்கிழமை ஊர் வந்து சேர்ந்தேன். வழியில் புதுக் கட்டை நாலு வாங்கிக்கொண்டேன். மத்தியானம், இவர் சாப்பிட்டுக் கட்டிலில் படுத்திருந்தார். பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. "அங்க மழையா?" என்றுதான் கேட்டார். நான் துணிப்பையை மூலையில் வைத்துவிட்டு டேப்பைத் துடைத்தேன், கட்டையை மாற்றினேன், கேசட்டைப் போட்டேன்.

பாட்டு துள்ளிக்கொண்டு வந்தது. இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இது எங்க கெடச்சுது?"

"பெங்களூர்ல. சோகத்துல தேடினோம், கெடைக்கல."

"சோகமா? அறிவிருக்கா உனக்கு? இது சந்தோஷப் பாட்டுடி!" என்று ஒரு சத்தம் போட்டார். ஒரு மாதம் கழித்துத் திட்டு வாங்கினேன். காதுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? திட்டிவிட்டுத் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

ஆறு தரம் ஓடியது. நான் பாத்திரம் தேய்க்கிற மாதிரி கதவோரம் நின்றேன். ஆறாவது முடிந்து, கொஞ்சம் உஸ் என்றது. பிறகு சாந்தி குரல்.

"அப்பா, நாந்தான். உன் பொண்டாட்டி நம்ம சைக்கிள் பாட்ட ஒப்பாரி வச்சு இந்த ஊரையே அழ வச்சுட்டா. கட்டைய வெயில்ல காய வைக்காதப்பா, புதுசு வாங்கு." சிரிப்பு. "ஜெனிய நான் மொபெட்டுல முன்னாடி நிக்க வச்சுத்தான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன். மேடு வந்தா அவளும் நானும் இதத்தான் பாடுவோம். அவ ஒரு வரி, நான் ஒரு வரி. ஆனா உன் வரி அவளுக்குச் சரியா வரலப்பா. அந்த எறங்கற எடத்துல தப்பாப் பாடறா. நீ ஒரு தரம் வந்து..."

டக். பொத்தான் எழும்பிவிட்டது.

துண்டு அப்படியே இருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. பிறகு எழுந்து கேசட்டைத் திருப்பிப் போட்டார். மறுபடியும் ஆறு தரம் முழுசாகக் கேட்டார். மிச்ச இடம் வந்தது. டேப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டார். மௌத் ஆர்கன் வாசித்தது.

"இன்னா இது? மிச்சத்தச் சொல்லவே இல்லியே அவ."

"ரிப்பன் தீந்துபோச்சுங்க."

துண்டை உதறித் தோளில் போட்டார். சட்டையைத் தேடினார். பித்தான் போட்டுக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னார், "அந்தப் புள்ள தப்பாப் பாடிக்கிட்டிருந்தா எப்படி? பெங்களூர் பஸ்சு மறுபடி எப்போ?"

நல்ல வேளை, என் துணிப்பையை நான் இன்னும் பிரித்திருக்கவில்லை.